வாலில் ஒட்டிய 'மி'

மார்ச் 4, சமர்கந்து
பக்கத்து வகுப்பில் உஸ்பெக் இலக்கணம் நடத்தும் ஓய்தின், என் தாஜிக் பாடத்தை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

"வாத்தியாரே, உங்க பேச்சு பூரா எங்க 'மி' ஓடுது. எப்பத் திருப்பித் தருவீங்க?"

'மி' துருக்கிய மொழிகளின் சொத்து. சொல்லின் வாலில் ஒட்டினால் கேள்வி: 'வந்தீங்க' என்பது 'வந்தீங்களா' ஆகிவிடும். தாஜிக்கில் கேள்விக்கென்றே எங்களுக்கு 'ஓயா' உண்டு. வாக்கியத்தின் தலையில் கம்பீரமாக நிற்கும். 'மி' என் வாயில் வருவதே கிடையாது என்றேன்.

"நிஜமாவா? ஒரு நாள் அது இல்லாம பேசிக் காட்டுங்க."

மார்ச் 5
தேநீர்க் கடையில், "ஓயா, சம்சா உளதோ?" என்றேன்.

"என்னண்ணே, ரேடியோவுல செய்தியா வாசிக்கிறீங்க?" என்றான் பரிமாறுபவன்.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நுஸ்ரத், காய்ச்சலாடா?"

மாலையில் மழை. ஓய்தின் குடையில்லாமல் வந்தாள். "நனைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். வாலில் சுத்தமான 'மி'. கை கொட்டிச் சிரித்தாள். தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லையே — ஏன்?

மார்ச் 19
துருக்கியில் 'மி' முன்சொல்லின் உயிரெழுத்தைப் பார்த்து 'மு' என்றும் ஆகுமாம். உஸ்பெக்கில் மாறவே மாறாது. "உங்களை மாதிரியே பிடிவாதம்" என்றேன்.

"ஆனா இடம் மாறினா அர்த்தம் மாறும். 'நீங்க வந்தீங்களா', 'நீங்களா வந்தீங்க' — ரெண்டும் ஒண்ணா?"

ஏப்ரல் 2
ஓய்தினுக்குக் கசாக்ஸ்தானில், அல்மாத்தியில் அகராதி வேலையாம். மே மாதம் கிளம்புகிறாள்.

ஏப்ரல் 3
கேட்க நினைத்ததை அவளிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 11
பஸ் நிறுத்தத்தில் உளறினேன்.

"அல்மாத்திக்கா போறீங்க?"

"பின்ன, புகாராவுக்கா?"

"நீங்களா போறீங்க?"

"இல்ல, என் பூனை."

"போ... போறீங்களா?"

சிரிப்பு நின்றது. "எல்லா இடத்துலயும் ஒட்டிப் பாத்துட்டீங்க வாத்தியாரே. ஒட்ட வேண்டிய சொல்லை மட்டும் விட்டுட்டீங்க."

கேட்டே விட்டேன். "நானும் வரட்டுமா?"

அவள் பஸ் ஏறினாள். அவ்வளவுதானா? ஜன்னல் திறந்தது.

"முதல்ல உங்க அம்மாகிட்ட கேளுங்க!"

ஏப்ரல் 12
அம்மா அழுதாள். "வெளிநாட்டுக்கா? ஒரு பொண்ணு பின்னாடியா?" அப்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல்: "சிரிச்ச முகமாவாச்சும் இருப்பாளா?"

நவம்பர் 9, அல்மாத்தி
கசாக் மொழியில் 'மி'க்கு ஆறு வேஷம். எதைப் போட்டாலும் தப்பு. ஆப்பிள் விற்கும் அக்கா என்னைத் திருத்துவதையே விட்டுவிட்டாள். இன்று ஓய்தினிடம், "உங்க வீட்டுக்காரரா?" என்றாள்.

"ஆமாக்கா" என்ற ஓய்தின், பையிலிருந்து ஓர் அழுகல் பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "மாத்தித் தருவாங்களான்னு கேளுங்க. கசாக்குல."

கேட்டேன். சந்தையே சிரித்தது.