வாய்வு என்று சொன்ன வலி

1959 ஐப்பசி 6
விடியலிலிருந்து தூறல். பிள்ளைத்துணி ஒன்றும் காயவில்லை. அண்ணன் மகள் கமலாவுக்குப் பிரசவமாகி ஒன்பதாம் நாள். வெந்நீர் ஊற்றும்போது, "அத்த, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாரி இருக்கு" என்றாள். வாய்வுதான். சுக்கு, பெருங்காயக் கஷாயம். வயிற்றில் சுற்றிய துணிக்கட்டை இன்னும் இறுக்கினேன். முருகா, என் கையாலேயே.
மதியம் உதடு வெளுத்து, வாந்தி. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரி.

ஐப்பசி 7
நெஞ்சில் கம்பி ஒட்டிக் காகிதத்தில் கோடு எடுத்தார்கள். மாரடைப்பாம். இருபத்திரண்டு வயசிலா? மெஷின் கோளாறாக இருக்கும்.
பெரிய டாக்டர்: "பிள்ள பெத்த ஒடம்புல அபூர்வமா வரும்மா. இதயத்து ரத்தக்குழாய் உள்ளுக்குள்ள தானா கிழிஞ்சிருக்கலாம். கட்டில விட்டு எறங்கவே கூடாது."
கூடாதவை: நடை, வெந்நீர்க் குளியல், முக்கல், பிள்ளையைத் தூக்குதல். இன்னொரு பிள்ளை வேண்டவே வேண்டாம்.
சம்பந்தியம்மா காதில் விழுந்தால்? நோயை மறைத்துப் பெண்ணைக் கட்டிவைத்தோம் என்பார்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில், கடல் தாண்டி. அம்மா எழுதுவதுதான் அவருக்கு வேதம். தாயில்லாப் பெண், தள்ளிவைத்தால் எங்கே போவாள்?
"யார் கேட்டாலும் வாய்வுன்னு சொல்லுடி." தலையாட்டினாள்.

ஐப்பசி 9
மழை விட்டது. தவளக்குப்பத்திலிருந்து சம்பந்தியம்மா, ஓமத்தண்ணீர் பாட்டிலோடு. நர்சிடம் என்ன குசுகுசுப்பு?
கஞ்சி வாங்கப் போய்த் திரும்பினால், சம்பந்தியம்மா கமலாவைக் கட்டிலிலிருந்து இறக்கி நிற்கவைத்திருக்கிறார்கள்.
"நாலு எட்டு நடடி, வாய்வெல்லாம் கலஞ்சிடும். நானும் நாலு பெத்தவதான்."
கமலா என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. என் பொய்யைக் காப்பாற்றுகிறாள், பாவி மகள்.
"நடக்காதடி! வாய்வு இல்ல, நெஞ்சு!" கத்திவிட்டேன். கஞ்சி தரையில்.
படுக்கவைத்தோம். சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்கள். "எனக்குத் தெரியக் கூடாதுன்னு இவள சாவக் குடுப்பீங்களா?"
சிந்திய கஞ்சியைத் துடைத்தேன்.

ஐப்பசி 10
வெயில். டாக்டரே சம்பந்தியம்மாவிடம் சொன்னார், பழைய நோய் இல்லை, பிரசவத்தோடு வந்தது என்று. நம்பினார்களா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேரனை மடியை விட்டு இறக்கவில்லை. பிள்ளையை மட்டும் தூக்கிப்போகும் எண்ணமோ?
"என்னா மொறச்சி மொறச்சி பாக்குறீங்க? உங்க பொண்ண முழுங்கிட மாட்டேன். போயி குளிங்க, நாறுது."
போகவில்லை.
சாயங்காலம் கேட்டேன், "வலிக்குதாடி?"
"இல்லத்த. ஒண்ணுமில்ல."
சொன்ன வேகம் பிடிக்கவில்லை. நெற்றியெல்லாம் வேர்வை. நான் எழுவதற்குள் சம்பந்தியம்மா பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார்கள். செருப்புகூட இல்லாமல்.
இருவரும் இன்னும் வரவில்லை.