எங்கள் தெருவுக்குப் பஸ் வந்துவிட்டது

ராமநாதபுரம்
12-3-1958

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

நாம் இறங்கிக் கடக்கும் ஓடைக்குப் பாலம் கட்டிவிட்டார்கள். தெருமுனையிலேயே பஸ் நிற்கிறது; ரயிலடிக்குப் பத்தே நிமிடம். மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளைக் கட்டிலோடு தூக்கிப்போகும் பாடு இனி இல்லை. தெருவே சந்தோஷமாக இருக்கிறது.

எனக்குத்தான் அந்தத் தண்ணீர் ஞாபகமாகவே இருக்கிறது. ஊரார் பார்க்க என் கையை நீங்கள் பிடித்தது அங்கே மட்டும்தான். "வழுக்கும் புள்ள, விட்டுறாத" என்பீர்கள். கரையேறியதும் நீங்களே விட்டுவிடுவீர்கள்.

கொழும்பிலிருந்து உங்கள் கடிதம் வந்து இரண்டு வருடமாகிறது. கடையில் வேலை அதிகமாக இருக்கும்.

தினமும் சாயங்காலம், கொழும்புக் கப்பலிறங்கி தனுஷ்கோடி ரயிலில் வந்தவர்களை ஏற்றிவரும் பஸ்ஸுக்காக நிற்கிறேன். ஒருநாள் கண்டக்டர், "ஏறலையாக்கா?" என்றார்.

"இல்ல தம்பி, எறங்குற ஆளுக்காக நிக்கிறேன்."

அன்றிலிருந்து கடைசி ஆள் இறங்கியதும் அவர் என்னைப் பார்த்து, இல்லையென்று தலையசைத்துவிட்டுத்தான் விசில் ஊதுகிறார்.

உங்கள் மனைவி