அம்மாளுக்கு நான் எப்பயிருந்து தம்பி?

என் செல்ல அக்கா,

முதலில் ஏசாமல் கேளுங்கள். நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு நாங்கள் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு மாறிவிட்டோம். கோயிலில் அம்மாள் உங்களில் இறங்கி உரு வந்து, வேண்டாமென்று நீங்கள் வாக்குச் சொன்ன அதே இடம்தான்.

டோர்செட் பார்க்கில், நம் பழைய மாடிக் கட்டடத்தில், உங்கள் குசினியில், நான் அந்தக் கிரேக்கக் கதையை அவிழ்த்துவிட்டது நினைவிருக்கிறதா? டெல்பிக் கோயிலில் ஒரு பூசாரிப் பெண் முக்காலியில் இருந்து வாக்குச் சொல்வாள், அரசர்களே வந்து குறி கேட்பதுபோலக் கட்டுக் கேட்பார்கள் என்றேன். நில வெடிப்பிலிருந்து புகைபோல எழுந்த ஆவிதான் அவளுக்கு உரு வரவைத்தது என்று அந்தக் காலத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். பிறகு தோண்டிப் பார்த்தவர்கள் வெடிப்பையே காணவில்லை, எல்லாம் புளுகு என்றார்கள். அதற்கும் பிறகு, கோயிலுக்கு அடியில் பாறைப் பிளவுகளும் ஊற்றுநீரில் வாயுவின் தடயமும் இருப்பதாகச் சில நிலவியலாளர்கள் சொன்னார்கள். ஆளை மயக்க அவ்வளவு வாயு காணுமா என்று இன்னும் சண்டை.

"அப்ப உங்களுக்கு உரு வாறது சாம்பிராணிப் புகையாலதான், அக்கா" என்று சீண்டினேன்.

"போடா விசரா! புகையெண்டால் கிட்ட நிக்கிற ஐயருக்கெல்லோ முதல் வரவேணும்" என்றீர்கள். தேத்தண்ணி எனக்குப் புரைக்கேறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில், ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கலாமா என்று உங்களிடமே கட்டுக் கேட்டேன். உரு வந்தால் கிழவர்களையும் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவீர்கள். அன்று என் நெற்றியில் திருநீற்றைப் பூசி, "தூரம் போகாத, தம்பி" என்றீர்கள்.

தம்பி! "அம்மாளுக்கு நான் எப்பயிருந்து தம்பி?" என்று வழியெல்லாம் பகிடி பண்ணினேன். நீங்கள் கார் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நான் வீடு வாங்கவில்லை. உங்கள் கடைசி நாள்வரை அதே கட்டடத்தில், உங்களுக்குக் கீழ் மாடியிலேயே இருந்தேன்.

நீங்கள் போனபின் அந்த லிஃப்டில் ஏற என்னால் முடியவில்லை, அக்கா. அதனால்தான் மாறினேன்.

நேற்றுப் பால் காய்ச்சிவிட்டு உங்கள் படத்துக்குச் சாம்பிராணி போட்டேன். புகை அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்ட மறந்துபோனேன். வீடு அதிரக் கத்தியது. மனைவி துவாயால் விசிறினாள். மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா, மாமிக்கு உரு வந்திட்டுது!" என்றாள்.

"இல்லையடி, அது புகை" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

இனி வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுவேன். அலாரத்தைக் கட்ட மாட்டேன். வந்து ஏசிவிட்டுப் போங்கள்.

தூரம் வந்துவிட்ட,
உங்கள் தம்பி