சிந்து நதிக்கு வடகரையில்

தா.பழூர்
2.6.2004

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், அங்கே குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் நினைப்பு. போனில் முழுதாகச் சொல்ல முடியவில்லை, பூத்தில் ஆட்கள் காத்து நின்றார்கள். நான் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டேன் கண்ணு.

போன தடவை சமூக அறிவியலில் போனது உனக்குத் தெரியும். இந்தத் தடவையும் போயிருந்தால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடும் வயது தாண்டியிருக்கும், கடைசி வரை அடுப்படி உதவியாள்தான். வரைபடத்தை விடாதீங்க, அதுதான் உங்களைக் கரையேத்தும் என்று டுடோரியலில் தர்மராஜ் சார் சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கோ அதைப் பார்த்தாலே கோழி கிளறின மாதிரி இருக்கும். அந்தச் சமயத்தில்தான் உன்னை லேயில் இருக்கும் ராணுவ ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அப்பா சாப்பாட்டைத் தள்ளிவிட்டார், நர்ஸ் வேலையே வேண்டாம், விட்டுவிட்டு வரச் சொல்லி எழுது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். அந்த ஊர் எந்தப் பக்கம் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது, தெரியாததால்தான் இவ்வளவு பயம் என்று எனக்குப் பட்டது. உடனே வரைபடத் தாள் வாங்கி வந்து இந்தியாவின் உச்சியிலிருந்து ஆரம்பித்தேன். கிழக்கே திபெத்திலிருந்து வந்து வடமேற்கே போகும் சிந்து ஆறு, அதற்குத் தெற்கே ஜாஸ்கர் மலை, வடக்கே லடாக் மலை, அதற்கும் அந்தாண்டை காரகோரம். ஆற்றின் வடகரையில் நீ. போட்டுப் போட்டுக் கிழித்தேன். ஒருநாள் அப்பா குவாரியிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சண்டை நடந்த கார்கில் எது என்று கேட்டார். காட்டினேன். லேயிலிருந்து ஸ்கேலை வைத்து அளந்து, நமக்குப் பாண்டிச்சேரியைவிடத் தூரமா இருக்கே என்றார், அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

பிறகு உன் பெரியப்பா சாமிதுரை வந்து, பொட்டப் புள்ளைய பனியில தள்ளிட்டியே என்று பேசினபோது அப்பா அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்து, "இந்த மலையில நிக்கிறவனுக்கு ஒடம்புக்கு முடியலன்னா எம் பொண்ணுகிட்டதாண்ணே எறங்கி வரணும்" என்றார். அடுத்தவர் வயலில் குனிந்தே காலம் போன நம் வீட்டில் இப்படி ஒரு பேச்சைக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

பரீட்சையில் காரகோரமும் சிந்துவும் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். குறித்து முடித்த பிறகு, கேட்காத லே ஊருக்கும் ஒரு புள்ளி வைத்துப் பேர் எழுதினேன், மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அறுபத்தொன்று போட்டிருக்கிறார்கள்.

காலுக்கு இரண்டு உறையாகப் போடு, வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. குலசாமி துணையிருந்து நீ நோய்நொடி இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். லீவு நாளில் ஆற்றங்கரைக்குப் போனால் தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்து மறக்காமல் எழுது. தாளில் எல்லா ஆறும் நீலம்தான்.

உன் அம்மா,
அ. மலர்க்கொடி, எஸ்.எஸ்.எல்.சி.