விபோர்க்கின் மூதாதையர் இருவர்

5 ஏப்ரல் 2009, குருத்தோலை ஞாயிறு

இன்று பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் வைத்து என்னை மூதாதை ஆக்கிவிட்டார்கள். எனக்கு வயது நாற்பத்தெட்டு.

டென்மார்க்கின் யூலண்ட் பகுதியில், எங்கள் விபோர்க் தமிழ்ச் சங்கத்துக்கு இருபது வருடம் ஆகிறதாம், மலர் ஒன்று போடுகிறார்களாம். செயலாளர் சொன்னார்: "பேனாட் அண்ணை, முதல் கட்டுரை 'யூலண்டில் தமிழர் குடியேற்றம்'. ஆர் முதல் வந்தது, எந்தப் பாதையால வந்தது, எல்லாம் வேணும். அம்புக்குறி போட்டு ஒரு படமும் கீறித் தாங்கோ."

முதல் வசனத்தை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: ஆள்நடமாட்டமற்ற உறைபனித் தேசத்தில் முதல் காலடி பதித்த தீரர்கள். ரைப் பண்ணப் போகிறவள் என் மகள் அஜந்தினி. வாசித்துவிட்டு, "அப்ப டெனிஷ் ஆக்கள் எல்லாம் எங்க போயிருந்தவை?" என்று கேட்டாள்.

7 ஏப்ரல்

மலருக்கு எழுதச் சொல்லித் தேவதாசனுக்கும் அழைப்புப் போயிருக்கிறது. அவர் பெந்தகொஸ்தே சபைக்காரர். இறைச்சித் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக எனக்குப் பக்கத்தில் நின்று பன்றி எலும்பு கழற்றுகிறவர். கத்தி தீட்டிக்கொண்டே சொன்னார்: "நான் கொப்பன்ஹேகனில இறங்கினது எண்பத்தைஞ்சு பங்குனி பன்னிரண்டு. நீர் பத்தொன்பது. கர்த்தர் என்னைத்தான் முதல் நடத்தினவர்."

கொப்பன்ஹேகன் யூலண்டில் இல்லையே ஐசே, அது கிழக்கே தீவில், இந்த மேற்குப் பக்கம் முதல் வந்தவன் நான்தான் என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வேறு வேறு மேசையில் இருந்தோம்.

10 ஏப்ரல், பெரிய வெள்ளி

வன்னிச் சண்டைக்குள் அகப்பட்டிருக்கிற என் தம்பி யோசேப்பின் தொலைபேசி அழைப்பு வந்து ஐந்து கிழமை.

14 ஏப்ரல்

படம் கீறி முடித்தேன். கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின், டென்மார்க். சிவப்புப் பேனையால் அம்புக்குறிகள். பார்க்க அந்தக்காலத்துக் கடலோடிகளின் பாதை போலவே இருந்தது, எனக்கே நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கட்டுரையில் வழக்கமான கதையைத்தான் எழுதினேன். ஊர்ப் பாடசாலை நூலகத்தில் அற்லசை விரித்து வைத்து, ஐந்து நாடுகளை ஆராய்ந்து, சட்டமும் சமத்துவமும் உள்ள நாடு என்று டென்மார்க்கைத் தெரிவுசெய்த கதை. கலியாண வீடுகளில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! விக்ரோரியா இந்தக் கதையைக் கேட்டுத்தான் என்னைக் கட்ட ஓம் என்றவள்.

அஜந்தினி படத்தை வாங்கிப் பார்த்தாள். "தெ பஸர் இக்கே, அப்பா. பொருந்தேல்லை. ஆராய்ஞ்சு தேடிப்பிடிச்ச நாடெண்டால் ஏன் ஜேர்மனிக்குக் கீழ கீறியிருக்கிறியள்?"

பழைய அற்லஸ் பிள்ளை என்றேன். வேறு என்ன சொல்ல?

21 ஏப்ரல்

நேற்று வன்னிச் சண்டைக்குள்ளிருந்து சனங்கள் கடல்நீரேரிக்குள் இறங்கி நடந்து வருகிறதைக் காட்டினார்கள். விக்ரோரியா தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யோசேப் அதில் இல்லை, அவன் மனைவி பிள்ளையும் இல்லை.

பின்னேரம் மலர்க்குழுக் கூட்டம். 'முதல்' என்றால் என்ன? முதல் கால் வைத்ததா, முதல் விசாக் கிடைத்ததா, முதல் மனைவியைக் கூப்பிட்டதா? ஒன்றரை மணித்தியாலம் சண்டை. இந்த நேரம் இது தேவையோ, தள்ளிவைப்போம் என்று ஒருவர் சொன்னார். மண்டபம் பதிவுசெய்தாச்சு என்றார் செயலாளர். தொடர்ந்து நடத்த வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். சீ! என்ன மனுசன் நான்?

26 ஏப்ரல், ஞாயிறு

இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

அற்லஸ் இல்லை. ஆராய்ச்சி இல்லை. எங்கள் பாடசாலையில் நூலகமே இல்லை. நான் போக வெளிக்கிட்டது மேற்கு பெர்லினுக்கு. கிழக்கு பெர்லின் ரயில் நிலையத்து ரிக்கற் ஜன்னலில் நின்றபோது, பாடமாக்கி வைத்த அந்த இரண்டு சொல்லும் பயத்தில் வாயில் வரவில்லை. உள்ளே இருந்த கண்ணாடிக்காரி என்னை மேலும் கீழும் பார்த்து, "டேனமார்க்?" என்று கேட்டாள். அவர்கள் பாஷையில் டென்மார்க்குக்கு அப்படித்தான் பெயர் என்று எனக்கென்ன தெரியும்? எனக்குக் கேட்டது "ரென் மார்க்?" ஜேர்மன் காசு பத்து மார்க்! பரவாயில்லையே, மலிவு என்று நினைத்து ஓம் ஓம் என்று தலையை ஆட்டிப் பத்தை நீட்டினேன். அவள் என் கையிலிருந்த மற்றத் தாள்களையும் இழுத்து எடுத்தாள். கள்ளி என்று மனதுக்குள் திட்டினேன்.

ரயிலில் நல்ல நித்திரை. அந்த ரயில் அப்படியே கப்பலுக்குள் போயிருக்கிறது. முழித்துப் பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர். மேற்கு பெர்லினில் கடல் இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று யோசித்தேன்.

இதுதான் யூலண்டில் தமிழர் குடியேற்றம்.

27 ஏப்ரல்

சிரிப்பை மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். மற்றதை எழுதவில்லை.

எண்பத்தாறு தை மாதம் தம்பி யோசேப் கடிதம் போட்டான்: அண்ணை, நானும் வரட்டோ? நான் ஐந்து பக்கத்தில் பதில் எழுதினேன். அவசரப்படாதே, இதெல்லாம் எல்லாராலும் முடியாது, முதலில் ஆங்கிலம் படி, உலகப் படத்தைப் படி, நாடுகளை ஆராய்ந்து பார், பிறகு யோசிப்போம். புதுச் சப்பாத்து, புதுக் கோட்டு, அந்தத் திமிரில் எழுதின கடிதம். அவன் ஆங்கிலத்தில் கோட்டை விட்டவன் என்று எனக்குத் தெரியும்.

பதில் ஒரே வரி: "உங்களைப் போல எனக்கு மூளை இல்லை அண்ணை, நான் இஞ்சயே இருக்கிறன்." அந்த ஒக்ரோபரில் இங்கே சட்டம் மாறிக் கதவைச் சாத்தினார்கள்.

அவன் மன்னாரிலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்தது, பிறகு இடம் இடமாக ஓடினது... எல்லாம் அந்த ஐந்து பக்கத்தால்தானே?

10 மே

அழைப்பு இல்லை. விக்ரோரியா சமைக்கவில்லை.

19 மே

சண்டை முடிந்ததாம். டெனிஷ் செய்தியில் இரண்டு நிமிடம் காட்டினார்கள். பிறகு உதைபந்து.

23 மே

மலர் வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மண்டபத்தில் விளக்குக் கொளுத்தினோம். தேவதாசன் கிட்ட வந்து, "யோசேப்புக்காகச் சபையில செபிக்கிறம். அந்த 'முதல்' நீரே இரும் ஐசே, எனக்கு வேண்டாம்," என்றார்.

அந்த நல்ல மனதைத் தாங்க முடியவில்லை. பத்து மார்க் கதையை அவருக்குச் சொல்லிவிட்டேன். முழுதும் கேட்டார். பிறகு மெதுவாக: "நான் சுவீடனுக்கு வெளிக்கிட்டனான். கொப்பன்ஹேகனில பொலிஸ் பிடிச்சு இறக்கிப்போட்டுது. கர்த்தர் நடத்தினவர் எண்டது பொய்யில்லை, பொலிஸ் உடுப்பில வந்தவர்."

அந்த இடத்தில் நின்று இரண்டு மூதாதையரும் சிரித்தோம். சனம் பார்த்தது. பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

5 ஜூன்

இன்று விடுமுறை. காலை பத்து மணிக்கு, தெரியாத நம்பர்.

யோசேப்! சண்டையிலிருந்து வந்த சனங்களை அடைத்து வைத்திருக்கிற செட்டிகுளம் முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில். மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்கிறார்கள். அவனுக்குக் காலில் ஷெல் துண்டு. விக்ரோரியா குசினி நிலத்திலேயே இருந்து கும்பிட்டாள்.

"அண்ணை, அஞ்சு நிமிசம்தான் தந்தவை. இவள் பிள்ளைக்குப் பதினேழு. கெட்டிக்காரி. நீங்கள் அண்டைக்கு எழுதின மாதிரி எல்லாம் படிப்பிக்கிறன். ஆங்கிலம், உலகப் படம். என்னை மாதிரி விடமாட்டன். முதல் என்ன புத்தகம் வேண்ட வேணும் எண்டு சொல்லுங்கோ."

இருபத்துமூன்று வருடமாக அந்தக் கடிதத்தை நம்பியிருக்கிறான். நான் சொன்னேன். ஜன்னல், கண்ணாடிக்காரி, பத்து மார்க், ஓம் ஓம் என்று தலையாட்டினது, நித்திரை. எல்லாவற்றையும், ஒன்றையும் விடாமல்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"இருக்கிறன் அண்ணை," என்றான். "தலையாட்ட எனக்கும் தெரியுமே."

கோபமாகச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, நேரம் முடியுது, மகளுக்குக் காலில் போட ஒன்றும் இல்லை, செருப்பு அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கோ என்றான். அளவு முப்பத்தேழு.