சிவப்பு நூல் கட்டிய பை

அன்புள்ள மகள் பட்டனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், கடையில் பழைய தையல் மெஷினுக்குத்தான் முழங்கால் வலி. நீ நலமா என்று கேட்கக் கை கூசுகிறது, நீ தோழி வீட்டு சோபாவில் முடங்கிப் படுத்திருப்பதே என்னால்தான். போனில் சொல்லலாமென்றால் உன் குரலைக் கேட்டதும் வாய் வேறு கதை தைக்க ஆரம்பித்துவிடுகிறது, அதனால் கடிதம்.

அறைக்கு முன்பணம் கட்டப் போன இடத்தில் உன் கார்டு செல்லவில்லை, அறை வேறொருத்திக்குப் போய்விட்டது என்று நீ சொன்னபோது பேங்கில் ஏதோ கோளாறு என்றேன் அல்லவா. அந்தக் கோளாறுக்கு மீசை உண்டு, கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கும். ஒரு சட்டைக்கு நாலு காலர் எதுக்குங்க என்று அம்மா என் நாலு கிரெடிட் கார்டையும் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள், சரி, வருஷக் கட்டணம் பிடுங்குகிற ஒன்றை மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். பணம் கட்டும் தேதி குழம்பாமலிருக்க நாலையும் நாலு துணிப் பையில் போட்டு நிறம் நிறமாக நூல் கட்டிவிட்டுப் போனாயே, சிவப்பு கட்டணக் கார்டு, பச்சை நம் பழைய கார்டு, உன் கையிலிருப்பதும் அதே கணக்கில் வாங்கிய துணைக் கார்டுதான். ஒருநாள் அவசரத்துக்கு அந்தச் சிவப்பு, பச்சை இரண்டு பையின் நூலையும் அவிழ்த்து வாடிக்கையாளர் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துவிட்டேன். சாயங்காலம் புது நூல் கட்டும்போது மாற்றிக் கட்டிவிட்டேன், இரண்டு கார்டும் ஒரே பேங்க், ஒரே நீலம். மறுநாள் சிவப்பு நூல் பையைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போனேன். பேங்க்காரப் பெண், சார் இது உங்க ரொம்பப் பழைய கார்டு, இதோட சேர்ந்து இன்னொரு... என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. அளவெடுத்தாச்சும்மா, நீங்க வெட்டுங்க என்றேன், சிரிப்பு வேறு. பதினாறு வருஷம் ஒரு தேதி தவறாத கார்டு, கடைக்கு வந்து பெரிய கத்தரியால் இரண்டாக்கினேன். துணியைத் தப்பாக வெட்டினால் கர்சீப்பாவது மிஞ்சும்.

நீ சொன்ன அன்றே பச்சை நூல் பையைத் திறந்து, உள்ளே கட்டணக் கார்டு இருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், வெட்டியதைவிட அதன்பிறகு செய்ததுதான் குத்துகிறது. முதல் கார்டுக்காரரிடம்தான் பேசுவோம் என்று பேங்க்காரர்கள் சொல்லிவிட, நீங்க ஒரு தடவை பேசுங்கப்பா என்று கெஞ்சினாய். பேசினேன்மா, பாக்குறாங்களாம் என்றேன். நான் போனைத் தொடவே இல்லை. நீ அரை நாள் லீவு போட்டு அவர்கள் போனில் போட்டுவிடும் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தாய்.

இன்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, அவகிட்ட சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க என்று தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பேங்கில் போய்க் கேட்டேன், மூடியதைத் திறக்க முடியாதாம், முன்பணத்தை உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். அங்கேயே உன் பெயரில் ஒரு கார்டு வாங்கிக்கொள், என் கத்தரிக்கு எட்டாததாக. என்றாவது மூடுவதானால் அதில் யார் யார் தொங்குகிறார்கள் என்று பார், எதிரில் இருப்பவரைப் பேசி முடிக்க விடு.

நல்ல ஜன்னலுள்ள அறை உனக்கு அமையட்டும். கட்டணக் கார்டு இன்னும் மூடவில்லை, நான் போனில் நம்பர் படித்து நீ சரி என்றால்தான் மூடுவேன். மறக்காமல் கூப்பிட்டுத் திட்டு. பரவாயில்லப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே, போன தடவை நீ அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது.

தட்டு இன்னும் கவிழ்ந்தே இருக்கிற,
உன் அப்பா