கதவுக்கு வைத்த செங்கல்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணு வரை போய்விட்டன. இது உனக்குத் தெரிந்த செய்திதான். நீ எழுதிய விபத்து அறிக்கையில் ஐந்தாவது வரியில் இருக்கிறது. நான்காவது வரியில் ஒரு பட்டாணிப் பெட்டி நசுங்கிய விவரம் இருக்கிறது. பெட்டிக்குப் பிறகுதான் நான்.

நேற்று கம்பெனி டிரைவர் வந்தார். ஒரு கூடை ஆப்பிள், 'விரைவில் நலம் பெறுக' என்று ஒரு அட்டை, அதற்கு அடியில் அந்த அறிக்கை. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. எந்தக் கையால் போடுவாள் என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? நீ ஏன் வரவில்லை, போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "போன்ல பேசினா பதிவாயிடும்னு வக்கீல் சொல்லியிருக்காரும்மா. சார் எது சொல்லணும்னாலும் எழுதி அனுப்பறேன்னாரு" என்றார். சரி, எழுது. நானும் எழுதுகிறேன்.

'தொழிலாளி தமது கவனக்குறைவால் குளிரறையில் அகப்பட்டுக்கொண்டார். கதவின் உட்புறக் கைப்பிடி நல்ல நிலையில் இருந்தது' என்று எழுதியிருக்கிறாய். அந்த ரூமை நீ எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் நானே சொல்கிறேன். கைப்பிடி உடைந்து இரண்டு வருடமாகிறது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அபாய மணிக்குப் பொத்தான் இருக்கிறது, ஒயர்தான் இல்லை. கதவோ விட்டால் தானாகவே சாத்திக்கொள்ளும். அதனால் உள்ளே போகிறவர்கள் வாசலில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவோம். இரண்டு வருடமாக எங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரி நீ இல்லை, அந்தச் செங்கல்தான். அது டை கட்டாது, மீட்டிங் போடாது. வேலையை மட்டும் செய்யும்.

மே 19 காலையில் நீ வந்தாய். செங்கல்லைப் பார்த்தாய். கைப்பிடியைப் பார்க்கவில்லை. 'நடைபாதையில் இடறும் பொருள்களை வைக்காதீர்' என்று சுவரில் தாள் ஒட்டிவிட்டுச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். மறுநாள் மத்தியானம் நான்கு பெட்டி எடுக்கப் போனவள், வேறு வழியில்லாமல் ஒரு பட்டாணிப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அது நசுங்கியது, கதவு சாத்திக்கொண்டது. தடிக் கையுறையோடு அந்தக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் திருகினேன். தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து, கூட வேலை செய்கிற நெட்டைதான் என்னைத் தேடி வந்து திறந்தாள். பெட்டி எடுக்கப் போனவள் இன்னும் வரவில்லையே என்று உங்கள் ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"என் தம்பி படிச்சவன் சார், எல்லாத்துலயும் கவனமா இருப்பான்" என்று மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளியிடம் போய் நின்று உனக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கியவள் நான். அதை நினைத்தால்தான் எனக்கு விரலைவிட அதிகமாக வலிக்கிறது.

அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன். ஆப்பிள் நன்றாக இருக்கிறது.

அக்கா

*

ஜூன் 7

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். மனம் மிகவும் வேதனைப்பட்டது. உன் கை விரைவில் குணமாக நானும் என் மனைவியும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

ஆனால் நீ உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறாய். செங்கல் பற்றிய என் நடவடிக்கை விதிப்படி முற்றிலும் சரியானது. கதவு வழியில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்று கையேட்டிலேயே இருக்கிறது. கதவு திறந்து கிடந்தால் குளிர் வெளியேறுகிறது என்று முதலாளியும் பலமுறை சொல்லியிருக்கிறார். தவிர, குளிரறைக்குள் தனியாகப் போகக் கூடாது, போகும் முன் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். வருகைப் பதிவில் உன் கையெழுத்து இருக்கிறது.

யார் மேல் குற்றம் என்று தேடும் நேரம் இதுவல்ல. பொறுப்பு என்பது எல்லோருக்கும் சமமானது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் உனக்குப் பேக்கிங் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாக முதலாளியே தன் வாயால் சொன்னார். அவர் மனசு உனக்குத் தெரியாது. 21-ஆம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அதற்குள் அறிக்கை முழுமையாக இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

பாசமுள்ள தம்பி

*

ஜூன் 9

பொறுப்பைச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும் தம்பிக்கு,

விரலையும் அப்படியே பங்கு போட்டிருக்கலாம். முதலாளிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. எனக்குப் பத்தும் மிஞ்சியிருக்கும்.

பயிற்சி வகுப்பு என்றாயே, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம். நீ முன்னால் நின்று தாளைப் பார்த்துப் படித்தாய். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு உன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. கையெழுத்து மட்டும் ஒருவர் விடாமல் வாங்கினாய். "சார், ரெண்டு பேராப் போகணும்னா ஷிஃப்டுக்கு ரெண்டு பேர் போடுங்க" என்று நெட்டை கேட்டாள். நீ என்ன சொன்னாய்? "அது நிர்வாக முடிவு." ஒரு ஷிஃப்டுக்கு ஒரே ஆளைப் போட்டுவிட்டு, தனியாகப் போகாதே என்று பாடம். யார் காதில் பூச்சுற்றுகிறாய்?

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சோதனைத் தாள் தொங்குகிறது. நாளுக்கு ஒரு கட்டம். பதினான்காவது இனம், 'உட்புறக் கைப்பிடி இயங்குகிறது'. என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே நெட்டை அதைப் பார்த்திருக்கிறாள். அன்று மே 20. தாளில் 31 வரைக்கும் டிக் இருக்கிறது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. இன்னும் விடியாத நாளுக்கும் கைப்பிடி வேலை செய்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? ஜோசியமும் படித்தாயா?

நெட்டை இன்றைக்கும் அந்த ரூமுக்குள் போய் வருகிறாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அந்தக் கம்பி இன்னும் அப்படியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. முதலாளியின் மனசைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் கைப்பிடியைப் போடச் சொல்.

அக்கா

*

ஜூன் 13

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உன்னிடம் சொல்கிறேன்.

எனக்கு மூக்கடைப்பு இருப்பது உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. அந்த ரூமுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி மொத்தத்துக்கும் டிக் போட்டுவிடுவேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. போன வருடம் ஏப்ரலில் நெட்டை வந்து புகார் சொன்னாள். கைப்பிடியையும் மணியையும் சரிசெய்ய வேண்டும் என்று முதலாளிக்குக் குறிப்பு எழுதினேன். அவர் அதன் மேலேயே 'சீசன் முடியட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார். நகல் என் மேஜை டிராயரில் இருக்கிறது. சீசன் முடிந்ததும் கேட்டேன். "லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்துல இதைக் கிளப்பாதே, தாள் சுத்தமா இருக்கணும்" என்றார். நான் என்ன செய்ய முடியும்? செங்கல்லை எடுக்கச் சொன்னதும் அவர்தான்.

வேலை போய்விட்டால் இந்த வயதில் எங்கே போவேன்? கூடப் பிறந்தவள் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடு.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

உன் தம்பி

*

ஜூன் 15

தம்பிக்கு,

கிழிக்க இரண்டு கை வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. இரண்டாவது தடவை கோபம். மூன்றாவது தடவை, சீ என்று இருந்தது. தெரியாமல் செய்தாய் என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. எழுதியும் கேட்டிருக்கிறாய். 'சீசன் முடியட்டும்' என்று அவர் எழுதிய பிறகு, பதினாலு மாதம் உட்கார்ந்து டிக் போட்டிருக்கிறாய். அந்தக் கதவுக்குப் பின்னால் தினமும் போய் வருகிறவள் உன் அக்கா என்று ஒரு முதல் தேதிகூடவா நினைப்பு வரவில்லை?

உனக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இரண்டு காரியம் செய். கைப்பிடியை மாற்ற வை. ஆய்வாளர் வந்ததும் நீயாகவே டிராயரைத் திறந்து அந்த நகலை எடுத்துக் கொடு. நீயாகச் செய்தால் என் தம்பி என்று சொல்லிக்கொள்ள எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

நெட்டை இப்போது ஒரு செங்கல்லை டிபன் பையில் ஒளித்துக் கொண்டுவருகிறாளாம். வேலைக்குப் போகிறவள் சோற்றோடு செங்கல்லையும் சுமக்கிறாள். இதையும் உன் சோதனைத் தாளில் ஒரு இனமாகச் சேர்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 18

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் நிர்வாகத்தின் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டது. தொழிலாளர் நலனில் நிர்வாகம் என்றும் அக்கறை கொண்டுள்ளது. குளிரறைக் கதவில், 'மூடும் முன் உள்ளே ஆள் உண்டா எனப் பார்க்கவும்' என்ற புதிய அறிவிப்புப் பலகை இன்று பொருத்தப்பட்டுள்ளது. கட்டுமானப் பொருள்களைப் பணியிடத்திற்குள் கொண்டுவருவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.

தாங்கள் கையொப்பமிட வேண்டிய அறிக்கையின் இரண்டாம் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
பாதுகாப்பு அதிகாரி

*

ஜூன் 22

தம்பிக்கு,

பலகை மாட்டினார்களே, அதைப் படிக்க வேண்டியது கதவுதான். அதுதான் தானாகச் சாத்திக்கொள்கிறது.

விசாரணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்; நேற்று அங்கே நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனால் நீ முழு நேரமும் உன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் எழுதுகிறேன்.

ஆய்வாளர் அம்மா இருபத்துநான்கு மாதத் தாளையும் புரட்டிவிட்டு உன்னைக் கூப்பிட்டார். "தினமும் சோதிச்சிருக்கீங்க. ரொம்ப நல்லது. நீங்களே உள்ள போங்க. நாங்க சாத்தறோம், கைப்பிடியைத் திருகித் திறந்து காட்டுங்க" என்றார். சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை. நீ மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாய். வாசல்படி வரை போனாய். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அப்புறம் திரும்பிப் பார்த்து, "மேடம், ஒரு செங்கல் வச்சுக்கலாமா?" என்றாய்.

யாரும் சிரிக்கவில்லை. நெட்டை டிபன் பையைத் திறந்து, செங்கல்லை எடுத்து, உன் காலடியில் வைத்தாள். ஆய்வாளர் அம்மா அதைக் குனிந்து பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

உடனே உன் முதலாளி என்ன சொன்னார்? "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க மேடம். மாசாமாசம் இவர்தான் எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றாரு. படிச்சவரு, நம்பிட்டேன்." ஒரே மூச்சில் கையைக் கழுவிவிட்டார். என்னைப் பற்றி நீ சொன்னதை உன்னைப் பற்றி அவர் சொன்னார், அவ்வளவுதான். அப்போதாவது வாயைத் திறப்பாய் என்று பார்த்தேன். டிராயர் சாவி உன் சட்டைப் பையிலேயே இருந்தது. நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாய்.

அதனால்தான் உன் 13-ஆம் தேதிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன்னைக் காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா என்று உன் மனைவி போனில் அழுதுகொண்டு கேட்டாள். இரண்டும் இல்லை. எல்லாவற்றையும் உன் தலையில் கட்டிவிட்டு அந்த மனிதர் காரில் ஏறிப் போகக் கூடாது. என் விரல் போனதற்கு உன் டிக் மட்டும் போதாது, அவர் எழுதிய 'சீசன் முடியட்டும்' என்பதும் சேர வேண்டும். போனில் பேசினால் பதிவாகும் என்று பயந்து பேனாவைத் தூக்கியவன் நீ. உன்னைவிட நல்ல சாட்சியை நான் எங்கே தேடுவேன்?

டிராயரைத் திறந்ததும் நகல் கிடைத்தது. ரூமுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கைப்பிடியும் மணியும் போட்டு, ஷிஃப்டுக்கு இரண்டு ஆள் போட்ட பிறகுதான் திறக்க வேண்டுமாம். அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற வரியை ஆய்வாளர் அம்மா சிவப்பு மையால் அடித்தார். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. உன் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு எப்போது வரலாம் என்று டிரைவரிடம் கேட்டு அனுப்பியிருக்கிறாய். புதுக் கைப்பிடி போட்டதும் அந்த ரூமுக்குள் போ. செங்கல் இல்லாமல் போ. கதவைச் சாத்தச் சொல். உன் கையால் திருகித் திறந்துகொண்டு வெளியே வா. நெட்டை பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வாள். அதற்குப் பிறகு வா, சோறு போடுகிறேன். அதுவரை எனக்குத் தம்பி என்று யாரும் இல்லை.

போகும்போது மூக்குக்கு மாத்திரை போட்டுக்கொண்டு போ.

அக்கா